காலை நீட்டுங்கள், அம்மா!

ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏரியில் படகு விட்டு, பகோடா பாயிண்டில் படம் பிடித்துக்கொண்டு, மிளகும் காப்பிப் பொடியும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். சிரமத்தைப் பாராமல் சேர்வராயன் கோயில் வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஐயாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், மலைக்கே தம் பெயரைக் கொடுத்துவிட்டு, காவேரியம்மனோடு ஒரு குகைக்குள் அமர்ந்திருக்கிறார் சேர்வராயர். மலையாளிகள் என்று பெயர் பெற்ற மலைவாசிகளின் குலதெய்வம் அவர். (கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள்.) மே மாதத் திருவிழாவின்போது மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அந்தக் குகையில் ஒரு விசேஷம். பெரிய உத்தியோகஸ்தரானாலும் சரி, காப்பிப் பழம் பறிக்கும் கூலிப் பெண்ணானாலும் சரி, உள்ளே போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும். தெய்வத்தின் முன்னால் மனிதன் குனிவது எங்கும் உள்ள வழக்கம். தெய்வம் மனிதனுக்கு முன்னால் குனிவது உண்டோ? உண்டு என்று, அதே மலையில் வசிக்கும் கத்தோலிக்க அம்மாள் ஒருவரிடம் 2018-ஆம் வருஷம் கேட்டுக்கொண்டேன்.

ஏற்காட்டில் மாதா கோயில்களுக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும் பஞ்சமில்லை. மான்ட்போர்ட் பள்ளிக்கூடம் 1917-லேயே வந்துவிட்டது. நான் போனது தவக்காலத்தின் கடைசி வாரம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரையில், ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்து 40 நாள் விரதம். நம் வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள் இருக்கிறோமே, அந்த மாதிரி. மாமிசம் கிடையாது, கல்யாணம் கார்த்திகை கிடையாது. அந்த மலையில் காப்பி பூப்பதும் ஏறக்குறைய இதே பருவந்தான். மாசி பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால், எட்டுப் பத்து நாளில் கிளையெல்லாம் வெள்ளை வெளேரென்று, மல்லிகை போல மணக்கும். மூன்று நாலு நாளில் அத்தனையும் வாடிப்போகும். பழம் சிவப்பதற்குக் கிறிஸ்துமஸ் சமயம் ஆகிவிடும்!

ஈஸ்டருக்கு முந்திய வியாழனைப் பெரிய வியாழன் என்கிறார்கள். சிலுவையில் அறையப்படுவதற்கு முதல் நாள் இரவு, இயேசுநாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா? அதை நினைத்து அன்று மாலை பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவித் துடைப்பார். சட்டப்படி அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்பிள்ளைகளாகவே இருக்க வேண்டும் என்று வெகு காலம் இருந்தது. சகோதரிகளே, வீட்டில் அத்தனை பேருக்கும் ஊழியம் செய்கிறவள் யார்? அவள் காலுக்கு இடமில்லை! போப்பாண்டவர் பிரான்சிஸ் 2013-ல் ரோமாபுரியில் ஒரு சிறுவர் சிறைக்குப் போய் இரண்டு பெண்களின் பாதங்களையும் கழுவினார். அவர்களில் ஒருத்தி முஸ்லிம். 2016 ஜனவரியில் விதியே மாறிவிட்டது.

நான் சொன்ன அம்மாளுக்கும் அப்படித்தான் முறை வந்தது. நாற்பது வருஷம் எஸ்டேட்டில் பழம் பறித்த கால். பெரிய வெள்ளியன்று மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்:

"முதல் நாளே கல்லு வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன் கண்ணு. வெடிப்பிலே எண்ணெய் வச்சேன். அழுக்குக் காலை அவர் கையிலே கொடுக்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுவப் போகிற காலை யாராவது கழுவி வைப்பார்களோ?

"சிரிக்காதே. ஃபாதர் வந்து முட்டி போட்டதும் காலை வெடுக்குனு இழுத்துக்கிட்டேன். 'நீட்டுங்கம்மா'ன்னாரு. என் காலை எங்கம்மாவுக்கப்புறம் யாரு தொட்டிருக்காங்க?"

பேதுருவும் இப்படித்தான் மறுத்தார் என்று யோவான் சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. பிறருக்குச் செய்து செய்தே பழகிய கைகளுக்கு, வாங்கிக்கொள்வது லேசில் வருவதில்லை. ஜுரமாகப் படுத்திருக்கும்போது நாட்டுப்பெண் கஞ்சி கொண்டுவந்தால், "உனக்கு ஏன் சிரமம்?" என்று எழுந்து உட்காருகிறோமே, அந்தப் பிடிவாதந்தான். கடவுளின் அன்பென்றால் நாம் எதையோ செய்து சம்பாதிக்க வேண்டியது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் முதல் நாளே கல் வைத்துத் தேய்க்கிறோம் போலிருக்கிறது.

ஆனால் அம்மாளின் மனசை உறுத்தியது வேறு. அவருடைய மூத்த மகன் இருந்த கொஞ்சம் நிலத்தையும் விற்றுக் குடித்துவிட்டு, சேலத்தில் போய் இருக்கிறான். ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

"காட்டிக் கொடுத்தானே யூதாசு, அவன் காலையும் கழுவினாராமே? அவன் அப்போ பந்தியிலேதானே இருந்தான்? இத்தனை வருஷமா இந்தக் கதையைக் கேக்கறேன், இது நேத்துத்தான் காதிலே விழுந்துச்சு. நாப்பது நாளும் கறியை விட்டேன் கண்ணு. இதை விட முடியலையே."

நான் என்ன சொல்லுவது? ஒன்றும் சொல்லவில்லை.

சற்று நேரம் கழித்துப் பேரனைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கறிக்கடையில் அரைக் கிலோ கூடுதலாகச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லவும் சொன்னார்.

"வருவாரா அம்மா?" என்று கேட்டேன்.

"வந்தா சாப்பிடுவான். வராட்டி பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு, மூன்று மணி ஆராதனைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.