பக் துரை எழுதாத விதிகள்

கோடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டில் அக்கா வீடு. போன சீசனுக்கு அங்கே போயிருந்தபோது, எட்டாவது படிக்கும் அக்கா மகள் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள். "மாமா, எறிபந்தை யார் கண்டுபிடிச்சா? நாளைக்கு எழுதிட்டுப் போகணும்." அவள் பள்ளியின் எறிபந்து அணியில் இருக்கிறாள். பி.டி. மிஸ் ஆடச் சொல்வதோடு விடாமல் எழுதவும் சொல்கிறார் போலிருக்கிறது. எங்கள் காலத்தில் பி.டி. பீரியட் என்றால் பாதி நாள் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துவிடுவார்.

எறிபந்தைப் பற்றி எங்கே தேடினாலும் ஏறக்குறைய ஒரே கதைதான் வருகிறது. 1930-களில் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பெண்கள் பொழுதுபோக்காக ஆடிய ஆட்டம். ஒய்.எம்.சி.ஏ. வழியாகச் சென்னைக்கு வந்தது. சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய அமெரிக்கர் ஹாரி குரோ பக், 1955-இல் அதற்கு விதிகளை வகுத்தார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். 'வெரி குட்' வாங்கிவிட்டாள்.

மாட்டிக்கொண்டது நான்தான். இந்த பக் யார் என்று சும்மா பார்க்கப் போனால், 1884-இல் பிறந்த அந்த மனிதர் 1943-லேயே காலமாகிவிட்டார். இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருவர் விளையாட்டுக்கு விதி எழுத முடியுமா? "அப்ப நான் எழுதினது தப்பா மாமா?" என்றாள். "மார்க் வந்துருச்சுல்ல, விடு" என்றேன். எனக்குத்தான் விடத் தெரியவில்லை.

வத்தலக்குண்டில் எனக்குப் பி.டி. எடுத்த வாத்தியார் இருக்கிறார். ஓய்வுபெற்று இருபது வருஷமாகிறது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்தவர், அதைச் சொல்லும்போது இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறினார். "எல்லாத்துக்கும் மூலம் பக் துரைதாம்ப்பா. வாலிபால், பேஸ்கட்பால், எறிபந்து, எல்லாம் அவரு போட்ட பாதை."

"சார், அவர் 1943-லயே போயிட்டாரே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவரு ஆளுங்க எழுதியிருப்பாங்க. பேரு அவரு பேருதான்" என்றார். இந்தப் பதில் அப்போது எனக்குச் சப்பைக்கட்டாகத்தான் தோன்றியது.

பக் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடையைப் பால்கனி விளிம்பில் மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கியது அங்கேதான். 1895-இல் கைப்பந்தை உருவாக்கிய வில்லியம் மார்கனும் அங்கே படித்தவர்தான். அந்தப் பட்டறையிலிருந்து 1919-இல் பக் இந்தியா வந்தார். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தலைமைப் பொறுப்பில் அப்போது இருந்தவர் சேலத்துக்காரரான கே.டி. பால். மறு வருஷமே, 1920-இல், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் பக் ஒரு சின்னப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பிறகு நந்தனத்து அடையாற்றங்கரைக்குப் போய் உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. சாகும்வரை அவர் அதைவிட்டு நகரவில்லை. இருபத்து மூன்று வருஷம், ஒரே கல்லூரி.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை மேலாளராகவும் பயிற்சியாளராகவும் கூட்டிப்போனவரும் அவர்தான். அந்த அணியில் தடை தாண்டி ஓடிய சி.கே. லட்சுமணன் கண்ணூர்க்காரர். திரும்பி வந்தபின் தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா சொன்னபடி மாகாணம் மாகாணமாகச் சுற்றி ஒலிம்பிக் சங்கங்கள் அமைய பக் உழைத்தார். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதில் அந்த அலைச்சலுக்கும் பங்குண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் பாரிஸ் பெரிய விஷயமில்லை. அவருக்கு முன் நம் பள்ளிகளில் இருந்தவர் 'டிரில் மாஸ்டர்'. பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து வந்தவர். வரிசையில் நிறுத்துவார், லெஃப்ட் ரைட் சொல்வார், பிரம்பு வைத்திருப்பார். உடற்கூறு, பயிற்சி முறை, ஆட்ட விதி என்று படித்துத் தேறி, மற்ற ஆசிரியர்களைப் போலவே பள்ளிக்கு வருகிற ஒருவர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் பக். நமக்குத் தெரிந்த பி.டி. வாத்தியார் அந்தப் பிடிவாதத்தில் பிறந்தவர். வத்தலக்குண்டு சாரின் நிமிர்ந்த நெஞ்சுக்கு அர்த்தம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது.

நடுவில் ஒரு சந்தேகம். அமெரிக்கர்கள்தான் பக்குக்கு வெகுகாலம் முன்பே எங்கள் மலைக்கு ஏறிவிட்டார்களே, பந்தும் அவர்களோடு வந்திருக்கலாமே? மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பயந்து முதலில் சிறுமலையை முயன்றார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் கோடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே பள்ளி தொடங்கியபோது சேர்ந்தது 13 பேர். முதல் தலைமையாசிரியை மார்கரெட் எட்டி. அவருடைய மகன் ஷெர்வுட் எட்டி, தமிழ் கற்று நம் பக்கம் வேலை செய்த ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். நூல் அங்கேயும் ஒய்.எம்.சி.ஏ.வில்தான் போய் முடிகிறது. அந்தப் பள்ளிதான் இன்றைய கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

சின்ன வயதில் ஒருமுறை அப்பாவோடு கோடைக்குப் போனபோது, ஒரு மைதானத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் உருண்டைக் கட்டையால் பந்தடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டு ஓடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். "என்னப்பா, மட்டையைப் போட்டுட்டு ஓடுறான்?" என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை. அதுதான் பேஸ்பால் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அமெரிக்கரின் தேசிய ஆட்டம். கூடைப்பந்தும் கைப்பந்தும் நம் ஊருக்குள் இறங்கிவிட்டன. பேஸ்பால் மட்டும் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஏன்?

மட்டைக்கும் பந்துக்கும் இங்கே கிரிக்கெட் ஏற்கெனவே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டது என்பார்கள். சரிதான். எங்கள் மலையைப் பொறுத்தவரை இன்னொரு காரணம் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது: சமதரை. பேஸ்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. அதற்கு அப்பால் பந்து பறக்க இன்னும் இரண்டு மடங்கு வேண்டும். பண்ணைக்காட்டிலோ தாண்டிக்குடியிலோ ஓங்கி ஒன்று அடித்தால் பந்தை வத்தலக்குண்டில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். கைப்பந்துக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் போதும். காபி காயப்போடும் களம் ஒன்று காலியாகக் கிடந்தால் தீர்ந்தது. இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரே பந்து. பன்னிரண்டு பேர் ஆடலாம், ஐம்பது பேர் சுற்றி நின்று கத்தலாம். எறிபந்துக்கும் கிட்டத்தட்ட அதே களம், அதே வலைதான்.

எறிபந்தில் பந்தைத் தட்டக் கூடாது. இரண்டு கையால் பிடித்து, மூன்று நொடிக்குள் ஒரு கையால் தோளுக்கு மேலிருந்து எறிய வேண்டும். இதற்கு ஒரு மூத்த அக்கா இருக்கிறாள். 1895-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், நியூகோம் என்ற சின்னப் பெண்கள் கல்லூரியில், கிளாரா பேர் என்ற உடற்கல்வி ஆசிரியை ஓர் ஆட்டம் அமைத்தார். பந்தை எதிரணிப் பக்கம் எறிய வேண்டும். பிடிக்க முடியாமல் தரையில் விழுந்தால் புள்ளி. கல்லூரியின் பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்தது. பின்னாளில் அதை வாலிபால் வலைக்கு மேலேயும் ஆடினார்கள். மார்கன் கைப்பந்தை உருவாக்கியதும் அதே 1895-தான். எறிபந்தின் கதையைச் சொல்கிற யாரும் இந்த அம்மாவின் பெயரைச் சொல்வதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்படியானால் 1955? என் ஊகத்தைச் சொல்கிறேன். ஆட்ட விதிகளைத் தொகுத்து பக் ஒரு புத்தகம் போட்டிருந்தார். இந்த மாதிரிப் புத்தகங்களில் தொகுத்தவர் போன பின்னும் அட்டையில் பெயர் போகாது. புது ஆட்டங்கள் மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். எறிபந்தும் அப்படித்தான் அவர் பெயருக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கும். "அவரு ஆளுங்க எழுதியிருப்பாங்க" என்று சார் சொன்னது சப்பைக்கட்டு அல்ல. எறிபந்துக்கு பக் அப்பா இல்லை, இனிஷியல்.

பள்ளிகளில் விளையாட்டுச் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருக்கும் பி.டி. வாத்தியார்களுக்கும் மிஸ்களுக்கும் ஒரு வேண்டுகோள். காற்றுப்போன பந்துகளுக்குப் பின்னால், கறையான் பிடித்த அலமாரியில், பக் பெயர் போட்ட பழைய விதிப்புத்தகம் கிடக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதிப்பு வருஷத்தையும் உள்ளே எறிபந்து இருக்கிறதா என்பதையும் பார்த்து ஒரு கார்டு போடுங்கள். அக்கா மகள் அடுத்த வருஷமும் அந்த அணியில்தான் இருப்பாள்.