பறையடியை மெதுவாக்கலாமா?

திங்கள்

இறுதியாண்டுக் குறும்படத்தின் நாயகர் எங்கள் ஊர்ப் பறையிசைக் கலைஞர். அவர் அடிக்கும் காட்சி முழுவதையும் ஸ்லோ மோஷனில் எடுக்க வேண்டும் என்பது குழுவின் ஆசை. இன்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். 120 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் ஒரு நொடி ஐந்து நொடியாக நீளும். அதற்கேற்ப ஷட்டரும் 1/48-இலிருந்து 1/240-க்குப் போக வேண்டும். அப்போது ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான். லென்ஸைத் திறந்து வைத்தாலும் அறைக்குள் அது போதாது.

செவ்வாய்

கல்லூரி அறையில், பழைய சோக் வைத்த டியூப் லைட்டின் கீழ் சோதனை. கண்ணுக்குச் சீராக எரிந்த விளக்கு, 120 ஃபிரேமில் படபடவெனத் துடித்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறுகிறது. கேமராவை 100 ஃபிரேமுக்கு மாற்றியதும் துடிப்பு அடங்கியது.

சாதாரண வேகத்தில் எடுத்ததை எடிட்டிங் மென்பொருளில் நீட்டியும் பார்த்தோம். இல்லாத ஃபிரேம்களை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. நடந்து வருபவருக்கு அது பொருந்தியது. பறையடிக்கும் மெல்லிய சிம்புக்குச்சி தோலின் குறுக்கே பாய்ந்த இடத்திலோ குச்சியின் விளிம்பு கரைந்து போனது. வேகமான கைக்கு ஊகம் உதவாது. கேமராவிலேயே எடுத்தாக வேண்டும்.

வியாழன்

வெயிலில், திறந்தவெளியில் எடுத்தோம். வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சிவிட்டுக் கலைஞர் அடிக்கத் தொடங்கினார். படம் அற்புதமாக வந்தது. மெல்லிய மூங்கில் குச்சி வில்லாக வளைந்து நிமிர்கிறது. தோலில் ஒட்டியிருந்த சாம்பல் துள்ளி எழுகிறது. அவரிடம் காட்டினேன். கூர்ந்து பார்த்தார்.

"கை நல்லாத் தெரியுது தம்பி. அடி எங்க போச்சு?"

பதில் சொல்ல முடியவில்லை. தாளம் இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளியை ஐந்து மடங்கு விரித்தால் தாளம் சிதறுகிறது. ஒலியையும் சேர்த்து நீட்டினால் கணீரென்ற பறை உறுமலாகிவிடுகிறது. ஒலியை அப்படியே விட்டால் கையோடு ஒட்டவில்லை.

வெள்ளி

இயக்குநர் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) படத்தில் திருடன் சாகும் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். வெட்டு குடிசைக்குள் நடக்கிறது. கேமரா அதைக் காட்டவில்லை. வெளியே வந்து சாயும் திருடனை மட்டும் குரோசாவா மெதுவாக்குகிறார். எதை மெதுவாக்குவது என்று அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

குழுவில் பேசி முடிவெடுத்தோம். கலைஞர் அடிப்பது முழுக்க அவருடைய வேகத்திலேயே, வெட்டாமல், நேரடி ஒலியோடு வரும். தொடங்குவதற்கு முன் விழும் ஒற்றை அடியும் அப்போது எழும் சாம்பலும் மட்டும் 120 ஃபிரேமில்.

குறும்படம் எடுக்கும் நண்பர்களுக்கு: கண் தவறவிடுவதைக் காட்ட ஸ்லோ மோஷனைப் பயன்படுத்துங்கள். வேகமே உயிராக உள்ள கலையை அதன் வேகத்திலேயே விடுங்கள். எது எந்த வகை என்ற ஐயம் வந்தால், அந்தக் கலையைச் செய்பவரிடம் காட்டிக் கேளுங்கள்.