பொருத்தப்பட்ட மாண்டலின்

மாண்டலின் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருபவர் 2014-இல் மறைந்த உ. ஸ்ரீநிவாஸ். நான் சொல்ல விழைவதோ அமெரிக்க மாண்டலின் ஒன்றைப் பற்றி. ‘புளூகிராஸ்’ என்னும் இசைமரபின் தந்தை எனப் போற்றப்படும் பில் மன்றோவின் கருவி அது.

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், கிப்சன் நிறுவனத்தார் அதைச் செய்தனர். லாய்ட் லோர் என்னும் வல்லுநர் 1923 ஜூலை 9 என நாளிட்டு, உள்ளே ஒட்டிய சீட்டில் கையொப்பமிட்டார். மேற்பலகை ஸ்புரூஸ் மரம். முதுகும் பக்கங்களும் மேப்பிள். இரண்டிரண்டாக எட்டுக் கம்பிகள். 1940-களில் மயாமி நகரத்து முடிதிருத்தகம் ஒன்றில் விற்பனைக்கு இருந்ததைக் கண்டு, மன்றோ 150 டாலருக்கு வாங்கினாராம்.

அக்கருவிக்கு நேர்ந்த முதற்காயம் உடையவர் கையாலேயே நேர்ந்தது. 1950-களின் தொடக்கத்தில் பழுதுபார்க்க அனுப்பிய மாண்டலின் வெகுநாள் கழித்தே திரும்பியது. சொன்ன வேலைகளும் முடிந்திருக்கவில்லை. சினமுற்ற மன்றோ தலைப்பகுதியில் பதித்திருந்த ‘கிப்சன்’ என்ற பெயரைப் பேனாக்கத்தியால் தோண்டியெடுத்தார். அந்த வடுவோடுதான் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மேடையேறினார். 1980-இல் இரு தரப்பாரும் சமாதானமாயினர். பெயர் மீண்டும் பதிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள்! மரத்துக்கு வாய் இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்குமோ.

இரண்டாவது காயம் 1985 நவம்பரில். டென்னசியில் இருந்த அவர் இல்லத்தில் யாரோ புகுந்து, குளிர்காயும் அடுப்பின் இரும்புக் கம்பியால் மாண்டலினை அடித்து நொறுக்கினர். கிப்சன் நிறுவனத்தின் சார்லி டெரிங்டன் சில்லுகளையும் சிம்புகளையும் வாரியெடுத்துச் சென்றார். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். புதுப் பலகை பொருத்தியிருந்தால் வேலை எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. மரத்தின் இழையோட்டம் பார்த்து, எந்தச் சிம்பு எதனோடு சேர்ந்திருந்தது எனத் தேடி, ஒவ்வொன்றாக ஒட்டினார். 1986 பிப்ரவரியில் கருவி உரியவரிடம் திரும்பியது.

இதைப் படித்த நாளில், குருமடத்தில் கற்ற ஒரு பழைய வினா என் நினைவில் எழுந்தது. உயிர்த்த ஆண்டவரின் உடலில் தழும்புகள் ஏன் எஞ்சின? இறப்பையே வென்றவருக்கு, ஆணித் துளைகளை மூடுவது அரிதோ? புனித தோமா அக்குவினார் தம் ‘இறையியல் சுருக்கம்’ நூலில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்குகிறார். அத்தழும்புகள் குறையல்ல, வெற்றியின் அடையாளம் என்பது அவர் கருத்து. மறைச்சாட்சியரின் தழும்புகள் விண்ணகத்திலும் அழகாக விளங்கும் என்பது புனித அகுஸ்தினாரின் எண்ணம். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீடர்க்கு முதலில் காட்டியவை கைகளும் விலாவுமே. காயப்பட்ட உடலே உயிர்த்தது. அதற்கு மாற்றாக வேறோர் உடல் தரப்படவில்லை.

மன்றோ மேலும் பத்தாண்டுக் காலம் அதை வாசித்தார். 1996 செப்டம்பரில் காலமானார். இன்று மாண்டலின் நாஷ்வில் நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. வாசிக்கப் பிறந்த கருவியைக் காட்சிப் பொருளாக வைப்பது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை, அது போகட்டும்.

எங்கள் பங்கில் பாகப்பிரிவினையால் பிரிந்த அண்ணனும் தம்பியும் உண்டு. சென்ற ஆண்டு தாயின் அடக்கத்தின்போது குழியின் இரு கரைகளிலும் நின்று, ஒருவரையொருவர் பாராமல் மண் போட்டார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் தம்பி மட்டும் சாக்ரீஸ்திக்கு வந்தார்.

“சாமி, போய்ப் பேசலாம்னுதான் இருக்கு. ஆனா பழையபடி ஆகுமா?”

“பழையபடி ஆகாதுப்பா” என்றேன்.

அவர் திடுக்கிட்டார். ஆகும் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போலும். பட்டது பட்டதுதான், அது தெரியத்தான் செய்யும், தெரிந்தால் என்ன என்றேன். மாண்டலின் கதையை அவரிடம் சொல்லவில்லை. அந்நேரத்துக்கு அது பொருந்தாது.

அடுத்த ஞாயிறு மாலை அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அண்ணி காப்பி கொடுத்தார்களாம். அதிகம் பேச்சில்லையாம். புறப்படும்போது அண்ணன் தெருமுனைவரை கூட வந்தாராம்.