பீரோவில் படுத்திருந்த ஏழு நாள்

எங்கள் வீட்டு பீரோவில், எல்.ஐ.சி. பத்திரங்களோடு ஒரு பளபளப்பான நீலக் கவர் பதினோரு வருஷம் படுத்துக் கிடந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் அதை எடுத்துக் காட்டி, "நமக்கும் மலையில ஒரு இடம் இருக்குல்ல!" என்று பெருமை அடிப்பார். இடமாவது, மண்ணாவது! அதைக் கைகழுவ நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2012-ஆம் வருஷம். மதுரையில் பொருட்காட்சிக்குக் குழந்தைகளோடு போயிருந்தோம். ஒரு ஸ்டாலில் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கண்ணாடிக் குடுவையில் போடச் சொன்னார்கள். போட்டோம். நாலாம் நாள் போன் வந்தது. "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. தம்பதியா வந்து வாங்கிக்கணும்."

ஓட்டல் ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். காபி, பிஸ்கட், மலைகளின் கலர் படங்கள். "இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த விலை" என்றார்கள். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்திருக்க எங்களுக்கு வாய் வரவில்லை. பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ் கிடைத்தது. அந்த ஹாட்பாக்ஸ் எங்களுக்கு 1,80,000 ரூபாய்க்கு விழுந்தது என்று பிறகுதான் புரிந்தது!

'டைம்ஷேர்' என்பார்கள் இதை. எங்களுடையது வீடும் இல்லை, நிலமும் இல்லை. வருஷத்தில் ஏழு நாள் அவர்களுடைய விடுதியில் தங்கும் உரிமை, அதுவும் 25 வருஷத்துக்கு. பணத்தை மாதத் தவணையில் கட்டினோம். அது தவிர வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் தனி. தங்கினாலும் கட்ட வேண்டும், தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். சீசனுக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் லீவு விடும் மே மாதம் விலை கூடிய நிறம். எங்களுக்குக் கொடுத்ததோ மழை மாதங்களின் நிறம். பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும்போது யார் கொடைக்கானல் போவது? பதினோரு வருஷத்தில் போனது இரண்டே தடவை.

கட்டணமோ வளர்ந்துகொண்டே போனது. முதல் வருஷம் 8,000. 2023-ல் 17,500. அதன்மேல் 18 சதவீத வரி 3,150. ஆக 20,650 ரூபாய்! அந்த வருஷம்தான் பெரியவள் காலேஜில் சேர்ந்தாள். அவளுக்குப் பீஸ் கட்ட என் இரண்டு வளையல்கள் பாங்குக்குப் போயின. அன்றைக்கு ராத்திரி அந்த நீலக் கவரைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். "இன்னும் பதினாலு வருஷம் இதுக்குக் கட்டணுமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பிக்கு இப்பத்தானே கல்யாணம் ஆச்சு. அவன் பேருக்கு மாத்திடலாம். நாம கொடுத்த பரிசாவும் இருக்கும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. "என்னங்க, நம்மால சுமக்க முடியாததைப் பூச்சுத்திப் பரிசுன்னு அவங்க தலையில வைக்கிறதா? நாளைக்குப் பில் வரும்போது அந்தப் பொண்ணு நம்மள என்ன நினைக்கும்?" என்று கேட்டுவிட்டேன். பத்து நாள் எங்களுக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

இதற்கு நடுவில் ஒரு போன். "உங்க மெம்பர்ஷிப்பை 4 லட்சத்துக்கு வாங்க ஆள் ரெடி. பதிவுச் செலவுக்கு 18,000 மட்டும் முதல்ல அனுப்புங்க." இவர் அனுப்பவே கிளம்பிவிட்டார். நான் போனை வாங்கி, "அந்தப் பதினெட்டை நாலு லட்சத்துல கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்க, போதும்" என்றேன். போன் அப்படியே கட்டாகிவிட்டது. அதோடு எங்கள் பேச்சின்மையும் தீர்ந்தது! இவர் சிரித்துவிட்டார்.

கடைசியில் ஆள் எதிர்வீட்டிலேயே இருந்தார்கள். ரிட்டையர் ஆன டீச்சரம்மாவும் அவர் கணவரும். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து ஊர் சுற்றுகிறவர்கள். மழை மாதம்தான் அவர்களுக்குப் பிடிக்கும். ஆனாலும் நான் எதையும் மறைக்கவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: மீதி எத்தனை வருஷம், வருஷக் கட்டணம் எவ்வளவு, அது எப்படி ஏறியது, எந்த மாதங்களில் இடம் கிடைக்காது, எங்கள் பாக்கி எவ்வளவு என்று. இவர், "இவ்வளவும் சொன்னா யாரு வாங்குவா?" என்று முணுமுணுத்தார். டீச்சரம்மா தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "இப்படி உள்ளதைச் சொல்றவங்ககிட்டதான்மா வாங்கணும்" என்றார். 60,000 ரூபாய்க்கு முடிந்தது.

பேர் மாற்றுவதும் சும்மா இல்லை. பழைய பாக்கியை வட்டியோடு கட்டினால்தான் படிவமே எடுப்போம் என்றார்கள். அது 38,000. பேர் மாற்றக் கட்டணம் 10,000. இரண்டு பக்கமும் கையெழுத்து, ஆதார், பான் நகல்கள், அசல் ஒப்பந்தம் எல்லாம் கொடுத்தோம். கையில் நின்றது 12,000 ரூபாய். அதை வைத்து ஒரு வளையலின் கடனில் கொஞ்சம் அடைத்தேன்.

சகோதரிகளே, இதில் நான் கற்ற பாடங்கள் சில. ஒப்பந்தத்தில், வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று முதலிலேயே பாருங்கள். அந்த நாட்களுக்குள் எழுத்திலேயே தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பேர் மாறியதும் 'இனி உங்களுக்குப் பொறுப்பு இல்லை' என்று கடிதம் வாங்குங்கள். பாங்கில் தானாகப் பணம் போகும் ஏற்பாட்டை நிறுத்துங்கள். நாங்கள் மறந்து, ஒரு தவணை போய், திரும்ப வாங்கப் படாத பாடு பட்டோம். ஏமாற்றம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம்.

போன ஐப்பசியில் டீச்சரம்மா மலையிலிருந்து வந்தபோது ஒரு பை நிறையப் பிளம்ஸ் ஜாமும் யூக்கலிப்டஸ் தைலமும் கொண்டுவந்தார். "நல்லா இருந்துச்சும்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. நீலக் கவர் இருந்த இடத்தில் இப்போது பெண்ணின் காலேஜ் ரசீதுகள் இருக்கின்றன.