கல்யாண போட்டோ: சில குறிப்புகள்

அவர் நாற்காலியில். அவள் பக்கத்தில் நின்றபடி. களைப்பு என்னவோ இரண்டு பேருக்கும்தான்.

மாப்பிள்ளையின் இடது கை முழங்கால் மேல். சட்டைக் கையை ஒரு விரற்கடை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வாட்ச் தெரியணுமே. மாமனார் போட்டதாக இருக்கும்.

பின்னால் மாடிப்படி, தூண், பூந்தொட்டி. எல்லாம் திரையில் வரைந்தது. ஜமுக்காளம் மட்டும் நிஜம்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, அதே கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் உண்டு. மாலை வேறு. கறுப்பு வெள்ளையில் யார் கண்டார்கள்.

120 ஃபிலிம் ரோலில் சதுரப் படம் 12. இரண்டு ரோல் என்றால் 24. யாரை விடுவது?

சமையல்காரர் ஒன்றிலும் இல்லை. தவிலில் ஒரு பக்கம் விழுந்திருக்கிறது. வாசித்தவர் இல்லை.

தாலி கட்டும் படம். ஃபிளாஷ் பல்பு ஒரு தடவைதான் எரியும். தவறினால், "கையை அப்படியே கொண்டுபோங்க மாப்ளே." முடிச்சு எப்போதோ விழுந்துவிட்டது. பின்னால் நாத்தனார் கேமராவைப் பார்க்கிறாள்.

குரூப் போட்டோ. நடு நாற்காலியில் ஆள் இல்லை. சட்டம் போட்ட தாத்தா.

நெகட்டிவில் பென்சில் தடவினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். பெண்ணின் முகத்தை வெளுத்திருக்கிறார்கள். கழுத்தை மறந்துவிட்டார்கள்.

அட்டையின் பின்பக்கம்: தேதி, ஊர், மாப்பிள்ளை பெயர், பி.ஏ.

பழைய ஸ்டூடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ் பலவும் வெள்ளிக்காகப் போயிற்று. மருந்தைக் கழுவிவிட்டால் வெறும் கண்ணாடி. ஜன்னலுக்கு ஆகும். மிஞ்சியதைப் புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்காரர்கள் தேடிப்போய் ஸ்கேன் செய்தார்கள். 1880 முதல் 1980 வரை எடுத்த படங்கள். முகங்கள் இருக்கின்றன. பெயர்களுக்கு எங்கே போவது.

ஒட்டுப்படம். தனித்தனியாக எடுத்த இருவரைச் சேர்த்து ஒரு தம்பதி. அவருக்கு வெளிச்சம் இடப்பக்கம், அவளுக்கு வலப்பக்கம். சேர்ந்து உட்கார வாய்க்கவில்லை போல.

நேர்மாறும் உண்டு. எத்தனையோ பெண்களுக்குக் கல்யாண போட்டோதான் ஒரே போட்டோ. அறுபது வயதில் போய்ச் சேர்ந்தால் இதிலிருந்துதான் வெட்டி எடுத்துப் பெரிதாக்கவேண்டும். தோளோரம் அவர் மாலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதை அழித்துவிடலாம்.

டச்சப் செய்கிறவர் கேட்கிறார்: "நரை போடணுமா சார், இப்படியே இருக்கட்டுமா?"

மகன்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.