உடல் உலரும், உள்ளமும் உலர வேண்டுமா?

கடவுளைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். சாதியைப் பற்றி, சடங்கைப் பற்றி, தலைவிதியைப் பற்றி, தாலியைப் பற்றி, எதைப் பற்றியும் வாதிடலாம், வழக்காடலாம் என்பது பகுத்தறிவாளர் வீட்டுப் பிள்ளைக்குப் பாலோடு ஊட்டப்பட்ட பாடம். ஆனால், தோழர்களே! ஐம்பது வயதைத் தாண்டிய தாயும் தந்தையும் கணவன் மனைவியாக வாழ்வது பற்றி எவரேனும் பேசக் கேட்டதுண்டா? பேசினால் முகம் சுளிப்பர், கேலியாகச் சிரிப்பர், "இந்த வயதிலா?" என்பர். அந்த ஒரு கேள்விக்கு அடியிலே எத்தனை பெண்களின் வேதனை புதைந்து கிடக்கிறது என்பதைக் கேட்பவர் அறியார். நாங்கள் அறிவோம்; அறிந்ததனால் எழுதுகிறோம்.

நாங்கள் இருவர், மணமக்களாக மாலை மாற்றிக்கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. குன்னூர்ச் சரிவிலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டிலே எங்கள் வாழ்வு நடந்தது. எங்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மற்றவர் தொழிற்சாலையிலே இலையை வாடப்போடும் கூடத்தில் வேலை பார்த்தவர். இன்று ஒருவருக்கு வயது 56, மற்றவருக்கு 61. பிள்ளைகளை வளர்த்தோம், படிக்க வைத்தோம், பேரனையும் கண்டோம். பகலெல்லாம் மலை எங்களை வாட்டினாலும், இரவிலே ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்தோம். அந்த ஆறுதலுக்கு ஒரு நாள் இடையூறு வந்தது.

மாதவிடாய் 48ஆம் வயதிலே நின்றது. "தொல்லை விட்டது" என்று மகிழ்ந்தோம். ஓராண்டு சென்றது, ஈராண்டு சென்றது. இன்பமாக இருந்த கூடல் எரிச்சலாயிற்று. ஈரம் இருந்த இடத்திலே வறட்சி. மணல் உரசுவது போன்ற வலி. மறுநாள் சரிவிலே ஏறி நிற்கும்போதும் ஓயாத கடுப்பு. வலிக்கு அஞ்சி ஒருவர் விலக, "வெறுப்போ?" என்ற ஐயம் மற்றவர் மனத்திலே முளைத்தது. அந்த ஐயத்தை விழுங்கிவிடாமல் வாய்விட்டுக் கேட்டோம். மறைக்காமல் விடை சொன்னோம். வெறுப்பு இல்லை, வலிதான் என்பது தெளிவாயிற்று. ஆனால் வலி ஏன்? அதுதான் தெரியவில்லை.

அக்கம்பக்கத்திலே கேட்டபோது மூன்று விடைகள் வந்தன. "பேரன் எடுத்த பிறகு அந்த நினைப்பு எதற்கு?" என்றார் ஒரு மூதாட்டி. "மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்" என்றார் இன்னொருவர். "பொறுத்துக்கொள்; இல்லாவிட்டால் ஆண்பிள்ளை வேறு வாசல் தேடிப் போவான்" என்றார் மூன்றாமவர். வெட்கம், வேண்டுதல், அச்சம்! நம் பெண்களுக்குச் சமுதாயம் கட்டிக்கொடுத்திருக்கும் சீதனம் இந்த மூன்றும்தான். காரணம் சொன்னவர் எவருமில்லை. மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "வயதாகிவிட்டதம்மா" என்றார். வயது ஆனது எங்களுக்குத் தெரியாதா? கண் மங்கினால் கண்ணாடி தருகிறார்கள். பல் விழுந்தால் கட்டித் தருகிறார்கள். இதற்கு மட்டும் வயதே நோயுமாகி விடையுமாகிவிடுவது எப்படி? வேறொரு மருத்துவமனையிலே ஒரு செவிலியர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படம் வரைந்து, எங்கள் இருவருக்கும் விளக்கினார்.

அவர் சொன்னதையும், பின்னர் நாங்கள் தேடிப் படித்ததையும் கேளுங்கள்.

பெண்ணின் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீரைச் சுரக்கின்றன. பெண்ணுறுப்பின் உட்சுவரைத் தடிப்பாகவும் நெகிழ்வாகவும் குருதியோட்டம் மிக்கதாகவும் வைத்திருப்பது அதுவே. பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையிலே மாதவிடாய் நிற்கிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, சுவர் மெலிகிறது, ஈரம் வற்றுகிறது. உறுப்பைக் காத்துவந்த அமிலத்தன்மையும் குறைவதால் கிருமிகள் எளிதாக இடம் பிடிக்கின்றன. சிறுநீர்க் கடுப்பு அடிக்கடி வருகிறது. கொழுந்துக் காட்டிலே ஒதுங்க இடமின்றித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்தத் துன்பம் இரட்டிப்பாகிறது. உடம்பு திடீரென்று காந்துவதும் வியர்ப்பதும் பலருக்குச் சில ஆண்டுகளில் தணியும். வறட்சியோ தானாகத் தணிவதில்லை, கவனிக்காவிட்டால் வளரும். 2014ஆம் ஆண்டு மருத்துவ அறிஞர்கள் இதற்கு ஒரு புதுப் பெயரே சூட்டி, சிறுநீர்த் தொல்லையையும் வறட்சியையும் ஒரே நிலையின் இரு கூறுகளாக வகுத்தனர். தெய்வக் குற்றம் எங்கே இருக்கிறது இதிலே? அன்புக் குறைவு எங்கே இருக்கிறது? பிள்ளைக்குப் பால் கொடுக்கும் இருபத்தைந்து வயது இளந்தாய்க்கும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து இதே வறட்சி வருவதுண்டு. இளைஞர்களே, உங்கள் வீட்டிலும் நாளை இது நேரலாம்; குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலே மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர் இருவர் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே ஒரு செய்தி இருக்கிறது. கூடலின்போது தோன்றும் ஈரம், குருதியோட்டம் பெருகுவதால் உட்சுவர் வழியே வியர்வைத் துளிபோலக் கசிவது. இளம் வயதிலே அரை நிமிடத்துக்குள் தோன்றும் அது, முதிய வயதிலே ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை எடுக்கலாம் என்று அவர்கள் கண்டனர். முதுமையின் கூடலுக்கு முதல் மருந்து அவசரமின்மை என்பது அதிலிருந்து நாங்கள் பெற்ற பாடம்.

ஆகவே பழக்கத்தை மாற்றினோம். வேலை முடிந்து களைத்து விழும் இரவை விட்டு, உடல் ஓய்ந்து தெளிந்திருக்கும் விடியற்காலையைத் தேர்ந்தோம். உறைபனி விழும் மார்கழியிலே முதலில் கம்பளியின் வெதுவெதுப்பு, பின்னர் பேச்சு, பின்னர் கையின் தடவல் என்று நேரத்தைத் தாராளமாகச் செலவிட்டோம். எவ்வளவு, எப்படி, எவ்வளவு விரைவு என்பதை வலிக்கக்கூடிய உடலுக்கு உரியவரே முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டோம். "போதும்" என்றால் போதும். அதற்குக் காரணம் கேட்பதில்லை. உடலுறவு இல்லாமலே தழுவலும் தடவலும் முத்தமும் தம்மளவிலே நிறைவு தரும் என்பதைக் கண்டோம். எல்லா இரவும் ஒரே இடத்திலே போய் முடிய வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஆணின் உடலும் இளமையிலே போல் உடனே எழுவதில்லை. சர்க்கரையும் குருதி அழுத்தமும் அதையும் தளர்த்துகின்றன. இருவர் உடலும் மெதுவாகின்றன என்றால், இருவரும் சேர்ந்தே மெதுவாக நடப்பதுதானே அறிவுடைமை!

மருந்துக் கடையிலே கிடைக்கும் பொருள்களையும் அறிந்துகொண்டோம். நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்பான ஜெல், கூடலின்போது இருவரும் தடவிக்கொள்ள உதவுவது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உள்ளே இட்டுக்கொள்ளும் ஈரப்பதக் களிம்பு வேறு வகை. அது கூடலுக்காக மட்டுமன்று, நாள் முழுதும் உள்ள உலர்வுக்கும் உதவும். ஆணுறை அணிவோர் எண்ணெயைத் தடவக் கூடாது. எண்ணெய் ரப்பரைக் கெடுத்துக் கிழித்துவிடும். மணச் சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு உள்ளே கழுவுவது வறட்சியை மிகுக்கும். வெறும் நீரே போதும். இவற்றாலும் தீராவிட்டால், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பை மருத்துவர் எழுதித் தருவார். அது பெரிதும் தடவிய இடத்திலேயே வேலை செய்கிறது. குருதியிலே கலப்பது மிகக் குறைவு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி குருதி கண்டாலும் வறட்சிதான் என்று இருந்துவிடாமல் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அது கருப்பையின் புற்றுநோய்க்கும் அறிகுறியாகலாம்.

இவ்வளவு எளிய செய்தி ஏன் எங்கள் மலைக்கு ஏறி வரவில்லை? தோட்டப் பெண்ணின் உடலைப் பற்றி எவரும் கவலைப்படவே இல்லையா? கவலைப்பட்டார்கள்! கணக்கே வைத்தார்கள்! குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் 1971ஆம் ஆண்டு நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களிலே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கருவுறாமல் கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் பெயரிலே 5 ரூபாய் சேமிப்பில் வரவு. பிள்ளைகள் பெருகினால் தொகை குறையும். கருவுறும் வயது கடந்ததும் பணம் கைக்கு வரும். அந்தச் சேமிப்பால் பயன் பெற்ற பெண்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். கருத்தடை பெண்ணின் விடுதலைக்கு வேண்டும் என்று பெரியார் 1930களிலேயே வற்புறுத்தினார். இங்கோ கருப்பை மாதந்தோறும் ஏட்டிலே பதியப்பட்டது. பெண்ணின் இன்பமோ வலியோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியும், பெண்கள் ஐம்பதின்மர் வேலை செய்யும் தோட்டத்திலே பிள்ளைக் காப்பகமும் வேண்டும் என்று விதித்தது. நல்ல விதிகள்தாம். அங்கும் பெண் என்றால் பிள்ளை பெறுபவள். பிள்ளைப்பேறு முடிந்த அன்று அவள் கணக்கு மூடப்பட்டது!

முதலாளியின் ஏடு இப்படி என்றால், பழைய ஏடு என்ன சொல்கிறது? தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனைக் கண்டதும் இல்வாழ்வோன் காட்டுக்குப் போகலாம் என்கிறது மனுநூல். ஆண் போனானோ? இல்லை! அறுபது வயதிலே மாப்பிள்ளைக் கோலம் பூண்டவனைத்தான் நாடு கண்டது. அவன் வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது துளசி மாலையும் திண்ணை மூலையும். இன்றும் பாருங்கள்! ஊர்தோறும் பேருந்து நிலையச் சுவர்களிலே "ஆண்மைக் குறைவா?" என்று அழைக்கும் விளம்பரங்கள். ஆணின் எழுச்சிக்கு 1998ஆம் ஆண்டு மாத்திரை வந்தது. உலகமே அதன் பெயரை அறிந்தது. பெண்ணின் வறட்சிக்கு ஒரு சுவரிலேனும் ஒரு வரி உண்டா? மாத்திரையை விழுங்கிவிட்டு வரும் கணவனுக்கும் வலியை விழுங்கிக்கொண்டு படுக்கும் மனைவிக்கும் இடையிலே நடப்பதற்கு இன்பம் என்று பெயரிடலாமா?

தோழர்களே, உங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தது. அவ்வாறு வாசலுக்கு வரும் பெண் ஊழியர் நாற்பத்தைந்து வயது கடந்த பெண்ணைத் தனியே அழைத்து, "எரிச்சல் உண்டா? வறட்சி உண்டா?" என்று கேட்கும்படி கோருங்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் உதகையிலே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கென வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குமாறு அங்கே மனுக் கொடுங்கள். படிப்பகத்திலே ஒரு மாலை ஆண்களை மட்டும் கூட்டி இதைப் பேசுங்கள். ஏனெனில் கேட்க வேண்டியவர்களில் பாதிப்பேர் அவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு அரசும் வேண்டாம், மனுவும் வேண்டாம். லைன் வீட்டிலே இரண்டே அறை. மகனுக்கு மணமானதும் உள்ளறை அவனுக்குப் போகிறது. தாய் அடுப்படியிலே, தந்தை முன்னறையிலே, நடுவிலே பேரப்பிள்ளைகள். "வயதானவர்களுக்கு எதற்குத் தனியறை?" என்று எவரும் கேட்பதுகூட இல்லை, கேட்காமலே முடிவாகிவிடுகிறது. எங்கள் மகனும் மருமகளும் அதைக் கேட்டார்கள்; கேட்டு, முன்னறையைப் பலகையால் தடுத்து, உட்புறம் தாழ்ப்பாள் வைத்த கதவு ஒன்றை மாட்டித் தந்தார்கள். தச்சுக்கூலி இரண்டு நாள்தான். பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம் செய்து வைக்கப் பணம் சேர்க்கும் பிள்ளைகளே, மேளத்துக்கும் ஐயருக்கும் கொடுப்பதை நிறுத்துங்கள். அந்தப் பணத்திலே அவர்களுக்கு ஒரு கதவு செய்து கொடுங்கள்!