கைப்பிடிச்சுவர் இல்லாத மெத்தை



நமது வீட்டில் எரிகிற விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாய்த் தெருவிலும் விழுகிறது. அவ்வாறே நமது வீட்டு வைஃபை அலைகளும் சுவரோடு நின்றுவிடுவதில்லை. அவை அடுத்த வீட்டிற்கும், மேல்மாடிக்கும், வாசலில் நிற்கிற வாகனத்திற்கும் செல்லுகின்றன. கடவுச்சொல் என்னும் பூட்டு இல்லாவிட்டால், நாம் அறியாத ஒருவர் நமது பெயரிலுள்ள இணைப்பில் நுழைந்து எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். இதைப் பூட்டி வைக்கும்படி அரசாங்கம் ஒவ்வொரு குடும்பத்தையும் சட்டத்தினால் கட்டாயப்படுத்தலாமா? எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் ஒரு சகோதரன் இக்கேள்வியைக் கேட்டார். சிறிய கேள்விபோல் தோன்றினாலும் இதன் பின்னால் இரத்தமும் கண்ணீரும் உண்டு.

2008ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி நமது பெங்களூரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. மடிவாளாவில் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் மாண்டுபோனார். வேலைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பும்வரை முழங்காலில் நின்ற குடும்பங்களை நான் அறிவேன். மறுநாள் அகமதாபாத்தில் நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 56 பேர் உயிரிழந்தனர். அங்கே முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட இடத்தைக் காவல்துறையினர் தேடிச் சென்றபோது, நவி மும்பையின் சான்பாடா பகுதியில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றனர். அவருடைய வைஃபை பூட்டப்படாமல் இருந்தது. யாரோ அதைப் பயன்படுத்திவிட்டுப் போய்விட்டனர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை மாட்டுங்காவிலுள்ள ஒரு கல்லூரியின் இணைப்பும், செப்டம்பர் 13ஆம் தேதி டெல்லியில் குண்டுகள் வெடித்தபோது செம்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தின் இணைப்பும் இதேவிதமாய்ப் பயன்படுத்தப்பட்டன.

காவல்துறையினர் ஏன் அந்த வீட்டிற்குச் சென்றனர்? இணையத்தில் ஒரு வீட்டு இணைப்பு வெளியே காட்டுவது பெரும்பாலும் ஒரே முகவரியைத்தான். உள்ளே பத்துக் கைப்பேசிகள் இணைந்திருந்தாலும், சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது பணம் கட்டுகிற ஒருவரின் பெயரே. ஆகவே குற்றம் செய்தவன் எங்கோ இருக்க, கதவு தட்டப்படுவது இணைப்புக்கு உரியவரின் வீட்டில். அந்த அமெரிக்கரின் கணினிகள் கைப்பற்றப்பட்டன. அவர் பலமுறை விசாரிக்கப்பட்டார். அவருக்கு இதில் பங்கில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று.

இச்சம்பவங்களுக்குப் பின் அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். 2009 ஜனவரியில் மும்பை காவல்துறையினர் கருவிகளோடு வீதிகளில் சுற்றிவந்து, பூட்டப்படாத வைஃபை இணைப்புகளைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு உரியவர்களுக்கு எச்சரிக்கை அறிவிப்புக் கொடுக்கப் புறப்பட்டனர். அடுத்த மாதம் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்பைப் பயன்படுத்துவோரின் அடையாளம் சரிபார்க்கப்பட வேண்டுமென்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது.

இப்படிப்பட்ட கட்டளை நியாயமானதா? "என் வீடு, என் இணைப்பு, அரசாங்கத்திற்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் சொல்லுகிறார்கள். உபாகமம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். புதுவீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று அங்கே கட்டளை உண்டு. மெத்தை அவனுடையதே, ஆனாலும் அதிலிருந்து விழுகிற உயிர் அவனுடையது மாத்திரமல்ல. பிறருக்குச் சேதம் உண்டாக்கக்கூடிய ஒன்றை நாம் வைத்திருக்கும்போது, அதற்குக் குறைந்தபட்சக் காவலை வைக்கும்படி சட்டம் கேட்பது அநீதியல்ல என்பதே என் எண்ணம்.

ஆனால் அந்தக் கட்டளை வீட்டைக் கட்டுகிறவனுக்கே கொடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். நமது வீடுகளில் வைஃபையை நிறுவுகிறவர் யார்? எங்கள் சபையிலுள்ள ஒரு விதவைத் தாயார், பேரனின் படிப்புக்காக இணைப்பு வாங்கினார். வந்த பணியாளர் கால் மணி நேரத்தில் பெட்டியைச் சுவரில் மாட்டி, அந்த அம்மாளின் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போய்விட்டார். கொடுத்த விளக்கத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. "பாஸ்டர் ஐயா, இதில் நான் எதை மாற்ற வேண்டும்?" என்று அவர் கேட்டபோது, பாரத்தை முதலாவது யார் சுமக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. பூட்டு இல்லாத கதவை விற்றுவிட்டு, திருடன் வந்தபின் வீட்டுக்காரியைக் கேள்வி கேட்பது நீதியாகுமா?

ஜெர்மனி தேசத்தின் அனுபவம் இங்கே நமக்கு உதவும். ஒருவர் விடுமுறையில் வெளியூர் சென்றிருந்தபோது அவருடைய வைஃபை வழியாக யாரோ ஒரு பாடலைச் சட்டவிரோதமாய்ப் பகிர்ந்தனர். 2010 மே 12ஆம் தேதி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. நிறுவுகிற காலத்தில் வழக்கத்திலுள்ள பாதுகாப்பையும் சொந்தமான கடவுச்சொல்லையும் வைப்பது வீட்டுக்காரரின் கடமை. ஆயினும் பிறர் செய்த குற்றத்திற்கு அவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். இந்தப் பொறுப்புக்குப் பயந்து, தேநீர்க் கடைகளும் விடுதிகளும் வைஃபை கொடுக்கத் தயங்கின. ஆகையால் 2017இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தி அப்பாரத்தைக் குறைத்தது. பயம் அளவுக்கு மிஞ்சினால் நன்மை செய்கிற கையும் மூடிக்கொள்ளும்.

நமது ஜனங்களுக்கு இது மிகவும் முக்கியமானது. தர்மபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைப்புக்காக இந்நகரத்திற்கு வந்தவர்கள் நம்மில் அநேகர். ஒரே காம்பவுண்டுக்குள் ஏழெட்டு வீடுகள். ஒரே ஒரு வீட்டில் இணைப்பு. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, அந்த ஒரு இணைப்பில்தான் பல பிள்ளைகள் பாடம் படித்தார்கள். கடுமையான தண்டனைச் சட்டம் வந்தால் முதலில் பயப்படுவது இந்த வீடுகளே. விசாரணைக்கு அழைக்கப்பட்டால், வசதியுள்ளவர் வழக்கறிஞரோடு செல்வார். கன்னடமும் ஆங்கிலமும் சரளமாய் வராத கட்டடத் தொழிலாளி ஒருநாள் கூலியையும் இழந்து, என்ன கேட்கிறார்கள் என்றே அறியாமல் நிற்பார்.

அப்படியானால் பகிர்வதை நிறுத்திவிட வேண்டுமா? இல்லை. போவாஸ் தன் வயலில் ஏழைகள் கதிர் பொறுக்க இடங்கொடுத்தார். ஆனாலும் ரூத்தைக் கண்டபோது, இந்தப் பெண் யாருடையவள் என்று விசாரித்தறிந்தார். முகமறிந்து கொடுப்பது தயாளத்திற்கு விரோதமல்ல. கடவுச்சொல்லும் அப்படியே. அது அயலாரைத் தடுக்கிற மதில் அல்ல. கேட்டு வருகிறவருக்குத் திறக்கிற கதவு. அரசாங்கமும் இவ்வழியிலேயே செல்லுகிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த 'பிஎம் வாணி' திட்டத்தில் சிறு கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை வழங்கலாம்; ஆனால் பயன்படுத்துகிறவர் தம் அடையாளத்தைக் காட்டியே நுழைய வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. கட்டளை வேண்டும், ஆனால் அது முதலாவது நிறுவனங்கள்மேல் விழட்டும். ஒவ்வொரு பெட்டியும் தனித்த, வலுவான கடவுச்சொல்லோடு வரவும், விளக்கம் ஜனங்களின் மொழியில் கொடுக்கப்படவும் சட்டம் செய்யட்டும். வீட்டுக்காரருக்கு முதலில் எச்சரிப்பும் உதவியும் கிடைக்கட்டும். அறியாமையைக் குற்றமாக எண்ண வேண்டாம்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டாம். ரவுட்டரின் அமைப்பில் 'டபிள்யூபிஏ2' அல்லது 'டபிள்யூபிஏ3' என்னும் பாதுகாப்பு முறை உள்ளதா என்று பாருங்கள். 'வெப்' என்னும் பழைய முறையின் பலவீனம் 2001லேயே வெளிப்பட்டுவிட்டது; அதை நம்ப வேண்டாம். கைப்பேசி எண், பிறந்த தேதி, பிள்ளைகளின் பெயர் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைக்காதிருங்கள். ரவுட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். விருந்தினருக்குத் தனி இணைப்பு வைக்கும் வசதி அநேகப் பெட்டிகளில் உண்டு. அயலாருக்கு அதைக் கொடுங்கள். சபையிலுள்ள வாலிபர்களே, ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கி, முதியோரும் விதவைகளும் இருக்கிற வீடுகளுக்குச் சென்று இதைச் செய்து கொடுங்கள். பத்து நிமிட வேலைதான். அதைச் செய்யத் தெரியாத ஒரு தாயாருக்கு, அந்தப் பத்து நிமிடமே கைப்பிடிச்சுவர்.